லுக்லாவில் ரீஸ்டார்ட் பட்டன் இல்லை!

செமஸ்டர் முடிஞ்சாச்சா? அரியர் கணக்கை எல்லாம் ரிசல்ட் வந்ததும் பார்த்துக்கலாம். இந்த வாரம் உங்களை ஃப்ளைட்ல ஏத்தி, நேரா இமயமலைக்குக் கூட்டிட்டுப் போறதா ப்ளான். டிக்கெட் வேணாம், விசா வேணாம். ஹாஸ்டல் ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் இருந்தா போதும். பைலட் சீட்ல உட்காரப் போறதும் நீங்கதான்!

ஃப்ளைட் சிமுலேட்டரைப் பக்கத்துல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவனுக்கு அதைவிட போரான விஷயம் உலகத்தில் கிடையாது. ''இதுல சுட முடியாதா? துரத்த முடியாதா? அப்புறம் எதுக்குடா ரெண்டு மணி நேரமா மேகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கே?'' என்பான் ரூம்மேட். நியாயமான கேள்விதான். பெரிய ஏர்போர்ட்டில் கிளம்பி, ஆட்டோபைலட்டில் போட்டு, இன்னொரு பெரிய ஏர்போர்ட்டில் இறங்குவது கொஞ்ச நாளில் அலுத்துவிடும். மூணு கிலோமீட்டர் நீளத்துக்கு ரன்வே விரிந்து கிடக்கும்போது இறங்குவதில் என்ன த்ரில்?

அந்த ரன்வேயை அரை கிலோமீட்டராகச் சுருக்குங்கள். அதைக் கொண்டுபோய் மலை உச்சிக்குப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். ஒரு முனையில் பாறை, மறுமுனையில் பள்ளம். இப்போது ரூம்மேட்டைக் கூப்பிடுங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவான்!

சும்மா த்ரில்லுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மலை ஏர்போர்ட்டுகள் ஒரு பாடம் நடத்துகின்றன. அது என்ன என்று கடைசியில் பார்ப்போம். முதலில் பெல்ட்டைப் போடுங்கள்.

எதில் பறப்பது?

பாக்கெட்டில் பணம் இல்லையா? 'ஃப்ளைட்கியர்' இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் இருந்து ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கி வரும் இலவச மென்பொருள். விமானத்தின் அசைவுகளை நிஜம் போலவே உணர வேண்டும் என்பவர்களின் செல்லப்பிள்ளை 'எக்ஸ்-ப்ளேன்'. காட்சிகளில் வாயைப் பிளக்க வைக்க வேண்டும் என்றால் 'மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்'. 1982-ல் நாலு கோடும் ரெண்டு கட்டமுமாக ஆரம்பித்த விளையாட்டு. 2020 ஆகஸ்ட்டில் வந்த பதிப்பில் சாட்டிலைட் படங்களை வைத்து மொத்த பூமியையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். 2024 நவம்பரில் அதற்கு அடுத்த பதிப்பும் வந்தது. ஒரே சிக்கல், நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேகமான நெட்டும் இல்லாவிட்டால் மலைகள் எல்லாம் மைசூர்பாகு மாதிரி தெரியும்!

எதை எடுத்தாலும் சரி, முதல் பத்து நாள் செஸ்னா 172 என்ற குட்டி விமானத்தில் சமவெளியில் ஏறி இறங்கிப் பழகுங்கள். ஜாய்ஸ்டிக் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கீபோர்டே கதி. கொஞ்சம் கை பழகியதும் மலைக்குப் போகலாம்.

லுக்லா: ஒரு ரவுண்டுக்குக் கொஞ்சம் மேலே

நேபாளத்தில் எவரெஸ்ட்டுக்கு நடக்கப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வந்து இறங்கும் வாசல், லுக்லா. 1953-ல் எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, ஷெர்பா மக்களுக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டுவதற்குச் சாமான்கள் கொண்டுவர வேண்டும் என்று 1964-ல் போட வைத்த மண் ரன்வே இது. தரையைக் கெட்டியாக்க ரோடு ரோலருக்கு எங்கே போவது? ஷெர்பாக்களைக் கைகோத்து நிற்கச் சொல்லி, காலால் ஓங்கி மிதித்து ஆடும் அவர்களுடைய ஆட்டத்தையே ஆடச் சொன்னார் என்று சொல்வார்கள். 2001-ல்தான் அதன் மேல் தார் போட்டார்கள். ஹிலாரி இறந்த 2008-ம் ஆண்டில் டென்சிங்-ஹிலாரி ஏர்போர்ட் என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ரன்வே நீளம் 527 மீட்டர். காலேஜ் கிரவுண்டில் 400 மீட்டர் ட்ராக்கில் ஒரு ரவுண்ட் ஓடியிருப்பீர்கள் இல்லையா? அதற்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். கடல் மட்டத்தில் இருந்து உயரம் 2,845 மீட்டர். சரிவு 11.7 சதவிகிதம். அதாவது ரன்வேயின் கீழ் முனைக்கும் மேல் முனைக்கும் இடையே சுமார் 60 மீட்டர் உயர வித்தியாசம். இருபது மாடிக் கட்டடத்தைச் சாய்த்துப் போட்டு அதன் மேல் விமானத்தை ஓட்டுவது மாதிரி!

சரிவு எதிரி இல்லை, அதுதான் நண்பன். இறங்கும்போது மேட்டில் ஏறுவதால் வேகம் தானாகக் குறையும். கிளம்பும்போது பள்ளத்தில் ஓடுவதால் வேகம் தானாகக் கூடும். அதனால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் இறங்குவது மேல்நோக்கி, கிளம்புவது கீழ்நோக்கி. ஒன்வே ட்ராஃபிக்!

ஆனால், இந்தச் சரிவு உங்கள் கண்ணை ஏமாற்றும். மேல்நோக்கிச் சாய்ந்த ரன்வேயைத் தூரத்தில் இருந்து பார்த்தால், 'ரொம்ப உயரத்துல வர்றோமோ' என்று தோன்றும். உடனே கை தானாக மூக்கைக் கீழே அமுக்கும். ஆனால் நிஜத்தில் நீங்கள் சரியான உயரத்தில்தான் இருந்திருப்பீர்கள். விளைவு, ரன்வே தொடங்குவதற்கு முன்பே பாறைச் சுவர். அதனால் கண்ணை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். ரன்வேயின் கீழ் முனைக்கு 2 நாட்டிக்கல் மைல் முன்னால் இருக்கும்போது, அந்த முனையைவிட 600 அடி உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு மைல் என்றால் 300 அடி. இதுதான் வழக்கமான 3 டிகிரி பாதை.

கடைசி நொடியில் இன்னொரு வேலை இருக்கிறது. சமதள ரன்வேயில் 3 டிகிரி கீழ்நோக்கி வந்து, லேசாக மூக்கைத் தூக்கினால் சக்கரம் தொட்டுவிடும். லுக்லாவில் தரையே உங்களை நோக்கி எழுந்து வருகிறது. அந்தச் சரிவுக்கும் சேர்த்து, கிட்டத்தட்ட 10 டிகிரி மூக்கைத் தூக்க வேண்டும். சீக்கிரம் தூக்கினால் வேகம் செத்து விமானம் தொப்பென்று விழும். லேட்டாகத் தூக்கினால்... சொல்லவா வேண்டும்?

காத்து கம்மி பாஸ்!

''சமவெளியில இதே வேகத்துல அழகா இறங்கினேன், மலையில மட்டும் ஏன் ரன்வே பத்த மாட்டேங்குது?'' என்று குழம்புவீர்கள். காரணம் ப்ளஸ் டூ ஃபிசிக்ஸில் இருக்கிறது.

மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. விமானத்தின் வேகமானியோ, முகத்தில் மோதும் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் வேகத்தைச் சொல்கிறது. அதனால் லுக்லா உயரத்தில் மீட்டர் 65 நாட்ஸ் என்று காட்டும்போது, நிஜமாக நீங்கள் போவது 75 நாட்ஸ். சுமார் 15 சதவிகிதம் அதிகம். இறங்கிய பிறகு ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து அமைவதால், நிற்பதற்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு தூரம் கூடுதலாக வேண்டும். வெயில் அடித்தால் காற்று இன்னும் மெலியும், நிலைமை இன்னும் மோசம்.

இன்ஜினுக்கும் அதே மூச்சுத்திணறல். செஸ்னா 172-ன் பிஸ்டன் இன்ஜின் இந்த உயரத்தில் நாலில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். காற்று குறையும்போது பெட்ரோலையும் அதே அளவுக்குக் குறைக்க வேண்டும். அதற்குத்தான் பக்கத்தில் சிவப்புக் குமிழ், மிக்ஸர். பல சிமுலேட்டர்களில் இதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்படி வைத்திருப்பார்கள். அந்த ஆட்டோ வசதியை அணைத்துவிட்டு நீங்களே கையால் சரிசெய்து பாருங்கள். இன்ஜின் சத்தம் மாறுவது காதில் கேட்கும். புத்தகத்தில் படித்த ஃபார்முலா கைக்குள் வந்து உட்காரும்.

கூர்ஷெவல்: பணக்காரப் பனிச்சறுக்கு

லுக்லா பழகியதும் பிரான்ஸுக்குப் பறங்கள். ஆல்ப்ஸ் மலையில் 2,008 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கூர்ஷெவல். பனிச்சறுக்கு விளையாட வரும் பெரிய மனிதர்களின் ஊர். ரன்வே 537 மீட்டர். சரிவு அதிகபட்சமாக 18.6 சதவிகிதம். லுக்லாவே பரவாயில்லை என்று தோன்றும்!

இங்கே ஒரு வேடிக்கை. மற்ற இடங்களில் சக்கரம் தொட்டதும் பவரைக் குறைத்து, பிரேக்கை மிதிப்பீர்கள். இங்கே தொட்டதும் கொஞ்சம் பவர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நடு மேட்டில் நின்றுவிடும். மேலே சமதளத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இறங்கியதாக அர்த்தம். மேடு ஏறும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக வரும்.

பாரோ: வளைவில் முந்தாதீர்

அடுத்து பூடான். பாரோ ஏர்போர்ட்டில் ரன்வே குட்டையானது இல்லை. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஏர்பஸ் ஏ319 மாதிரி ஜெட்டுகளே இறங்குகின்றன. பிரச்னை ரன்வேயில் இல்லை, அதற்குப் போகும் வழியில் இருக்கிறது. சுற்றிலும் 5,500 மீட்டர் வரை உயர்ந்த மலைகள். ரன்வேயோ 2,200 மீட்டர் சொச்சத்தில், ஒரு பள்ளத்தாக்கின் அடியில். நேராக வந்து இறங்க இடமே கிடையாது. பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தபடி, பள்ளத்தாக்கின் நெளிவுகளில் கையாலேயே ஓட்டிக்கொண்டு வர வேண்டும். வீடுகளின் கூரைகள் பக்கத்தில் தெரிய, கடைசி வளைவில் திரும்பும்போதுதான் ரன்வே நேருக்கு வரும். அதற்குப் பிறகு கையில் இருப்பது சில நொடிகள். இங்கே இறங்குவதற்கென்று தனிப் பயிற்சி பெற்ற பைலட்டுகளுக்கு மட்டும்தான் அனுமதி.

பள்ளத்தாக்கில் பறக்க ரெண்டு சூத்திரங்கள். ஒன்று, நடுவில் பறக்காதீர்கள். ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் பறங்கள். திரும்ப வேண்டி வந்தால் பள்ளத்தாக்கின் முழு அகலமும் கையில் இருக்கும். நடுவில் போனால் பாதி அகலம்தான். ரெண்டு, வேகத்தைக் குறையுங்கள். விமானத்தை ஒரே அளவு சாய்த்துத் திரும்பும்போது, வேகம் இரட்டிப்பானால் வட்டத்தின் ஆரம் நாலு மடங்காகும். 30 டிகிரி சாய்வில் 100 நாட்ஸ் வேகத்தில் திரும்ப, ஆரமே சுமார் 470 மீட்டர். யூ-டர்ன் அடிக்க அதைப்போல ரெண்டு மடங்கு அகலம் வேண்டும். 140 நாட்ஸில் போனால் ஆரம் 900 மீட்டரைத் தாண்டிவிடும். பள்ளத்தாக்கு அவ்வளவு அகலம் இருக்கிறதா என்று உள்ளே நுழைவதற்கு முன்பே கணக்குப் போட வேண்டும்!

நம்ம ஊர் லே

வெளிநாடுதான் வேண்டுமா என்ன? லடாக்கில் 3,256 மீட்டர் உயரத்தில் லே ஏர்போர்ட் இருக்கிறது. லுக்லாவைவிட உயரம்! 1948 மே மாதம் ஏர் கமடோர் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவசரமாகப் போட்ட மண் ரன்வேயில் டகோட்டா விமானத்தை இறக்கினார். அதுதான் லேயில் இறங்கிய முதல் விமானம். மதியத்துக்கு மேல் மலைக்காற்று வேகம் பிடிப்பதாலும், வெயிலில் காற்று மெலிவதாலும் பயணிகள் விமானங்களைப் பெரும்பாலும் காலையிலேயே முடித்துவிடப் பார்ப்பார்கள். சிமுலேட்டரில் காலை 7 மணிக்கு ஒரு தடவை, மதியம் 2 மணிக்கு ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். நிஜ வானிலையை நெட்டில் இருந்து எடுக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். ரெண்டும் வேற வேற ஊர் மாதிரி இருக்கும்.

ஆஸ்பென், 2001

இப்போது அந்தப் பாடம்.

அமெரிக்காவின் கொலராடோவில் ஆஸ்பென் என்று ஒரு மலை ஏர்போர்ட். சிமுலேட்டர் ரசிகர்களுக்குப் பிடித்த இடம். உயரம் 7,800 அடிக்கு மேல், சுற்றிலும் ராக்கி மலைத்தொடர். 2001 மார்ச் 29-ம் தேதி மாலை, வாடகைக்கு எடுத்த ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் அங்கே வந்தது. பனி பெய்துகொண்டிருந்தது. இருட்டிக்கொண்டிருந்தது. விமானம் கிளம்பியதே லேட். அந்த மாதிரி ஜெட் இருட்டிய பிறகு அங்கே இறங்கக் கூடாது என்று சத்தத்துக்காக ஒரு விதி வேறு. நேரம் நெருங்கிவிட்டது. முன்னால் போன விமானங்கள் ரன்வே தெரியாமல் திரும்பிப் போயின. ஆனாலும் இந்த விமானம் இறங்கப் பார்த்தது. ரன்வே கண்ணுக்குத் தெரியாமல் எந்த உயரத்துக்குக் கீழே போகக் கூடாதோ, அதற்குக் கீழே போனது. மலையில் மோதி, உள்ளே இருந்த 18 பேரும் இறந்தார்கள்.

விசாரணையில் ஒரு விஷயம் வெளியே வந்தது. 'எப்படியாவது ஆஸ்பென்னில் இறங்கியாக வேண்டும்' என்று விமானத்தை வாடகைக்கு எடுத்தவர் தரப்பில் இருந்து நெருக்குதல் இருந்திருக்கிறது. பைலட்டுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. 'முடியாது, திரும்பலாம்' என்று சொல்ல வேண்டிய நேரத்தில் அதைச் சொல்லவில்லை.

2008 அக்டோபர் 8-ம் தேதி லுக்லாவிலும் பனிமூட்டம். காத்மாண்டுவில் இருந்து வந்த ட்வின் ஆட்டர் விமானம் ரன்வேக்குச் சற்று முன்னால், தாழ்வாக வந்து மோதியது. 18 பேர் பலி. பிழைத்தவர் பைலட் ஒருவர் மட்டும்.

சமவெளி ஏர்போர்ட்டில் கடைசி நொடி வரை மனசு மாறலாம். பவரைக் கொடுத்து, மேலே தூக்கி, ஒரு சுற்று சுற்றி மறுபடி வரலாம். லுக்லாவில் ஒரு புள்ளியைத் தாண்டிவிட்டால் முன்னால் மலை, திரும்ப இடம் இல்லை, ஏற இன்ஜினில் மூச்சு இல்லை. அதனால் 'இறங்கலாமா, வேண்டாமா' என்கிற முடிவை அந்தப் புள்ளிக்கு முன்பே எடுத்தாக வேண்டும். மலை ஏர்போர்ட் சோதிப்பது உங்கள் கையை இல்லை. 'வேண்டாம்' என்று சீக்கிரமே சொல்கிற தைரியத்தை!

சிமுலேட்டரின் பெரிய ஆபத்தும் இங்கேதான். மோதினால் ஸ்கிரீன் ஒரு நொடி கறுப்பாகும். ரீஸ்டார்ட் அமுக்கினால் பழைய இடத்துக்கே வந்துவிடலாம். அந்தப் பழக்கத்தில், 'சும்மா போய்ப் பார்ப்போம்' என்று எந்த மேகத்துக்குள்ளும் நுழைவோம். நூறு தடவை மோதி, நூத்தியோராவது தடவை இறங்கி, 'லுக்லாவில் இறங்கிட்டேன்' என்று மார்தட்டுவதில் அர்த்தம் இல்லை.

ரீஸ்டார்ட் இல்லாத ஆட்டம்

அதனால் இந்த விதிகளோடு ஆடிப் பாருங்கள்.

1. ஒரு நாளைக்கு ஒரு உயிர்தான். மோதினால் அன்றைக்கு கம்ப்யூட்டரை அணைத்துவிட வேண்டும். ரூம்மேட்தான் நடுவர்.

2. கிளம்பும் முன்பே ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள்: 'இந்த இடத்துக்கு வரும்போது ரன்வே தெரியவில்லை என்றால் திரும்புவேன்.' ஒரு ஆற்று வளைவு, ஒரு மலை முகடு, ஏதாவது ஒரு அடையாளம்.

3. திரும்பிப் போய் இறங்க வேறொரு ஏர்போர்ட்டையும், அதற்கான பெட்ரோலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போக்கிடம் இருந்தால்தான் 'வேண்டாம்' என்று சொல்ல மனசு வரும்.

4. மலை முகட்டைத் தாண்டும்போது நேருக்கு நேர் போகாமல் 45 டிகிரி கோணத்தில் அணுகுங்கள். கீழ்நோக்கி இழுக்கும் காற்று அமுக்கினால் சட்டென்று ஒதுங்கிவிடலாம். முகட்டுக்கு மேலே குறைந்தது 1,000 அடியாவது விடுங்கள்.

5. பாயின்ட் கணக்கு: பத்திரமாக இறங்கினால் 10. இறங்க முடியாது என்று சரியான இடத்தில் திரும்பி, வேறு இடத்தில் பத்திரமாக இறங்கினால் அதற்கும் 10. எழுதி வைத்த புள்ளியைத் தாண்டிப் போய் அதிர்ஷ்டத்தில் இறங்கினால்? பூஜ்யம்!

கடைசி விதிதான் முக்கியம். அதிர்ஷ்டத்தில் தப்பித்ததைத் திறமை என்று நினைத்துக்கொள்கிறவன், அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் உள்ளே போவான். இது ஃப்ளைட்டுக்கு மட்டும் பொருந்துகிற விஷயமா என்ன? ட்ரிபிள்ஸ் போய்ப் போலீஸிலும் சிக்காமல் கீழேயும் விழாமல் வந்த பைக்குக்கும் பொருந்தும். அலை அடிக்கும் கடலில் 'இன்னும் ரெண்டடி' என்று கூப்பிடும் கூட்டாளிக்கும் பொருந்தும். 'மச்சி, வேணாம், திரும்பிடலாம்' என்று முதலில் சொல்பவனைப் பயந்தாங்கொள்ளி என்று கலாய்ப்பது நம்ம பழக்கம். காக்பிட்டில் அப்படிச் சொல்பவனுக்குப் பெயர் கேப்டன்!

சரி, இந்த சனிக்கிழமை உங்களுக்கான ரூட்: காத்மாண்டுவில் கிளம்பி, கிழக்கே அரை மணி நேரம், லுக்லா. ஏறிப்போக சக்தி வேண்டும், அதனால் செஸ்னா கேரவன் இருந்தால் அதை எடுங்கள். நிஜ வானிலையைப் போடுங்கள். மேகம் விலகியிருந்தால், பனி மூடிய சிகரங்களுக்கு நடுவே அந்தச் சின்ன கறுப்புக் கோடு தெரியும்போது உங்களுக்கே மூச்சு நிற்கும். மேகம் மூடியிருந்தால், திரும்பி வந்து டீ குடியுங்கள். லுக்லா எங்கேயும் போகாது.

அடுத்த வாரம் வேறு விஷயத்தோடு வருகிறேன். அதுவரைக்கும்... ஹேப்பி லேண்டிங்!